பேய்க்கதை தேடி யாழ்ப்பாணம் வருகிறவர்களுக்கு

முதலில் ‘வளவு’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். வீடு, கிணறு, வேலி, மரங்கள் எல்லாம் சேர்ந்த காணிக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். கூரை போய், சுவரில் ஆல் முளைத்து, முற்றம் முழுக்கப் பற்றை மண்டிக் கிடந்தாலும் அது யாரோ ஒருவருடைய வளவுதான். உறுதியில் (காணிப் பத்திரத்தில்) அதற்கொரு பெயர் இருக்கும், பரப்புக் கணக்கு இருக்கும், உரித்துடையவர் எங்காவது உயிரோடு இருப்பார். பேய் வீடு காட்டுங்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் வேறெதையும் சொல்வதற்கு முன்னர் இதைத்தான் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கொழும்பிலிருந்து என் மருமகன் ஒருவன் கமராவோடு வந்தான். வலிகாமம் வடக்கில் ஓர் ஒழுங்கை முடிவில் நின்ற, நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய நாற்சார் வீட்டைக் கண்டதும் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே போகப் பார்த்தான். ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. யன்னல்கள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள். நடுமுற்றத்தில் வேம்பு ஒன்று சுவரையும் தாண்டி வளர்ந்திருந்தது. பக்கத்து வளவின் படலையைத் திறந்துகொண்டு ஓர் அம்மா விளக்குமாறும் கையுமாக வந்தார். ‘என்ன தம்பி பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டார். பேய் வீடு என்று யாரோ சொன்னதாக அவன் சொன்னான். அவர் கோபிக்கவில்லை. ‘அங்கே பேய் இல்லைத் தம்பி. என் தமக்கை இருந்த வீடு. 1990 இல் வெளிக்கிட்டவள், இப்போது கனடாவில் இருக்கிறாள். அந்த வேம்பு நிற்கிற இடத்தில்தான் எங்கள் ஆட்டுக்கல் கிடந்தது’ என்றார். மருமகன் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டான். அந்த அம்மாவின் விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

வடக்கில் இடிந்து நிற்கும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை போரால் காலியானவை. அவற்றுக்குப் பேய்க்கதை இருந்தால் அது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய கதை. அவற்றை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஒரு குடும்பம் வெறும் கையோடு வெளிக்கிட்ட வாசலில் நின்று பயப்படுவதுபோல் நடித்துப் படம் பிடிப்பது எனக்குத் தாங்க முடியாத ஒன்று. சரி, பார்க்க என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். மூன்று நாளுக்குப் போதுமானது மிஞ்சும்.

பேய்களின் பெயர்களைப் படித்துக்கொண்டு வாருங்கள்

ஊரில் யாரும் வெறுமனே ‘பேய்’ என்று சொல்லி நிறுத்துவதில்லை. எந்தப் பேய் என்று தெரியாமல் கதை கேட்டால் பாதிக் கதை கைநழுவிப் போகும்.

முனி பெருமரங்களிலும் பழங்கட்டடங்களிலும் உறைவது. உயரமானது, வெள்ளை உடுத்தது, தன் வழியில் குறுக்கே வந்தவனை அடிப்பது என்பார்கள். அதே முனிக்கு விளக்கு வைத்துப் பொங்கல் இட்டால் முனியப்பராகிக் காவல் நிற்கும். மோகினியும் காடேறியும் தமிழ்நாட்டாருக்கும் பழக்கமான பெயர்கள்தான். வயல்வெளியிலும் கடனீரேரி ஓரத்திலும் தீயாய்த் தோன்றி மறைவது கொள்ளிவாய்ப் பேய்.

கொத்தி என்ற பெயரைக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பிள்ளைப்பேற்றோடு தொடர்புடையது கொத்தி. பிரசவித்த பெண்ணையும் பச்சைக் குழந்தையையும் தேடி வரும் என்று அஞ்சினார்கள். வைத்தியசாலை இல்லாத காலத்தில் பிரசவ அறையிலேயே எத்தனை பெண்கள் இறந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பயத்துக்கு ஊர் வைத்த பெயர்தான் கொத்தி. வயதான அம்மாமார் சிலர் இன்றும் அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல மாட்டார்கள். நீங்களாக எடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

இந்தப் பெயர்களோடு வைரவரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆலமரத்தடியிலோ சந்தியிலோ ஒரு சூலம் நட்டு, குங்குமம் அப்பி, கற்பூரம் எரித்த கரி படிந்திருந்தால் அது வைரவர் இடம். யாழ்ப்பாணத்தில் வைரவர் சூலம் இல்லாத குறிச்சி கிடைப்பது அரிது. பயம் இருந்த இடத்தில் ஊரவர் ஒரு காவலை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அதைப் படியுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, அருகிலுள்ள கடையில் ‘இங்கே வைரவர் எப்போது வந்தார்?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு எனக்குக் கிடைத்த கதைகள் ஏராளம்.

முதல் நாள்: கோட்டை, பிறகு நல்லூர்

புகையிரதத்தில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் யாழ்ப்பாண நகரில் இறங்கிய பிறகு கோட்டைக்குப் போவது சுலபம். பஸ் நிலையத்திலிருந்து நடக்கலாம். பிற்பகல் நாலு மணிக்குப் போங்கள். அதற்கு முன்னர் வெயில் சுட்டெரிக்கும், அகழிப் பக்கம் நிழலே இருக்காது. மூடும் நேரத்தை வாயிலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின்னர் இங்கே சதுர வடிவில் ஒரு கோட்டை இருந்தது. 1658 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இப்போது நாம் காணும் ஐங்கோணத்தைக் கட்டினார்கள். வெளி அரண்கள் 1792 இல்தான் முடிந்தன. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், பிரித்தானியரிடம் கோட்டை போய்விட்டது. உள்ளே 1706 இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் சிலுவை வடிவில் இருந்தது. 1990 ஆம் ஆண்டு முற்றுகையில் அது நொறுங்கியது. இப்போது கல்மேடுதான் மிச்சம். மதிலின் கற்களை அருகில் போய்ப் பாருங்கள். சுண்ணக் கற்களுக்கு இடையே முருகைக் கற்கள் (பவளப்பாறைக் கற்கள்) இருக்கும். மூளை மடிப்புப் போன்ற அவற்றின் வரிகளை விரலால் தொட்டு உணரலாம். கடலுக்குள் உயிரோடு இருந்த ஒன்று மதிலாக நிற்கிறது என்று நினைத்தால், கதை எதுவும் இல்லாமலே உடம்பு ஒருமுறை சிலிர்க்கும்.

கோட்டையைச் சுற்றும்போது மனதில் வைத்திருக்க வேண்டிய கதை பூதத்தம்பியுடையது. இங்கே நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டு வந்த கதை. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் பூதத்தம்பி பெரிய பதவியில் இருந்தார். அவருடைய மனைவி அழகவல்லி மீது சக அதிகாரியான அந்திராசி ஆசைப்பட்டான். அவள் அவனை அவமானப்படுத்தி அனுப்பினாள். வஞ்சம் கொண்ட அந்திராசி, ஊர்காவற்றுறைக் கோட்டை வேலைக்கு மரம் தருவிக்க வேண்டும் என்று சொல்லி, பூதத்தம்பியிடம் வெற்றுத்தாளில் ஒப்பம் வாங்கினான். அந்தத் தாளில் ஒல்லாந்தருக்கு எதிரான சதிக் கடிதத்தை எழுதி நிரப்பினான். பூதத்தம்பிக்குக் கொலைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அந்திராசியைக் காட்டு வழியில் யானை அடித்துக் கொன்றது. கதை இப்படிப் போகிறது.

இதில் எவ்வளவு உண்மை? 1658 இல் ஒல்லாந்தரைக் கொல்லச் சதி நடந்ததும், சம்பந்தப்பட்டவர்கள் கொடூரமாகத் தண்டிக்கப்பட்டதும் அப்போது இங்கிருந்த ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயுஸின் நூலில் இருக்கின்றன. வெற்றுத்தாளும் யானையும் மக்கள் கதை. எழுத்திலுள்ளதும் வாயிலுள்ளதும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பதில் எனக்கு ஓயாத ஆசை உண்டு. வென்றவன் எழுத்தில் சதிகாரன், தோற்றவர்கள் நினைவில் ஒப்பத்தால் ஏமாற்றப்பட்ட நல்லவன். உறுதி எழுதுவதிலும் ஒப்பமிடுவதிலும் யாழ்ப்பாணத்தார் எவ்வளவு கவனமானவர்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த மண்ணின் மிகப் பெரிய துரோகக் கதை ஏன் ஒரு வெற்றுத்தாளைச் சுற்றி அமைந்தது என்பது விளங்கும்.

வெளியே வந்து முற்றவெளிப் பக்கம் நடந்தால் முனியப்பர் கோவில். கோட்டையின் ஓரத்தில் முனி காவல் இருக்கிறார். மாலைப் பூசை நேரமாக இருந்தால் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் கடலை விற்பவரிடம் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். கோட்டைக்குள் இரவில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்கும் என்ற கதையை எனக்குச் சொன்னவர் அங்கே கடலை விற்றவர்தான். கோட்டைக்குள் சிறையும் இருந்த காரணத்தால் சங்கிலிக்குக் குறைவிருக்காது.

மூன்றாம் நாள் காலையிலோ, வாகனம் இருந்தால் அன்று இருட்டுவதற்கு முன்னரோ நல்லூர் போகலாம். பருத்தித்துறை வீதியில் சட்டநாதர் கோவிலுக்குக் கிட்ட மந்திரிமனை இருக்கிறது. நல்லூர் அரசின் மந்திரி ஒருவர் வாழ்ந்த இடம் என்பது மரபு. இப்போது நிற்கும் கட்டடத்தில் ஐரோப்பியர் காலத்துச் சாயல் தெளிவாகத் தெரிகிறது. மரத் தூண்களின் செதுக்கு வேலையைப் பார்த்தாலே வந்த பயன் கிடைத்துவிடும். சுவர்களும் மேற்தளமும் மிகப் பலவீனமானவை. மழைக்காலத்தில் அவற்றின் கீழ் நிற்கவே கூடாது. தடுப்புப் போட்டிருந்தால் தடுப்புக்கு வெளியே நின்று பாருங்கள். 

மந்திரிமனைக்குள் சுரங்கம் ஒன்று தொடங்குகிறது, அது யமுனா ஏரிவரை போகிறது, அந்தப்புரப் பெண்கள் அதன் வழியேதான் குளிக்கப் போனார்கள், யாழ்ப்பாண அரசின் கடைசி மன்னன் சங்கிலி அதன் வழியேதான் தப்பினான், இன்றும் இரவில் சலங்கை கேட்கிறது என்று பல கதைகள். மன்னன் தப்பவில்லை என்பது வரலாறு: 1619 இல் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். யமுனா ஏரி சற்றுத் தள்ளி இருக்கிறது. ‘ப’ எழுத்தின் வடிவில் கட்டிய கேணி. யமுனை நதியின் நீரைக் காவடிகளில் கொண்டுவந்து இதில் விட்டார்கள் என்பது பெயர்க் காரணம். பக்கத்திலேயே சங்கிலித் தோப்பு வளைவும் இருப்பதால் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

சுரங்கக் கதை யாழ்ப்பாணம் முழுக்க உண்டு. கோவிலுக்குக் கோவில், கோட்டைக்குக் கோட்டை, கிணற்றுக்குக் கிணறு சுரங்கம் இருப்பதாகச் சொல்வார்கள். இதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம், காரணம் காலுக்கடியில் இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகைகளையும் நீர்வழிகளையும் உண்டாக்கியிருக்கிறது. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பார்த்தால் புரியும். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். இராமர் அம்பால் குத்தித் தன் படைக்குத் தாகம் தீர்த்த இடம் என்பது ஐதீகம். அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்று சிறுவயதில் எல்லோரும் கேட்டிருப்போம். நிலத்துக்கடியில் உண்மையாகவே வழிகள் உள்ள ஊரில் அரசனுக்கும் இளவரசிக்கும் ஒரு வழி விடுவது பெரிய கற்பனை இல்லை.

இரண்டாம் நாள்: வடமராட்சி

குடாநாட்டின் வடகிழக்கிலுள்ள வடமராட்சி என் மனதுக்கு மிக நெருங்கிய பகுதி, அதனால் கொஞ்சம் அதிகம் சொல்வேன்.

பருத்தித்துறை பஸ்ஸில் காலையிலேயே ஏறுங்கள். பருத்தித்துறையில் தும்பளை வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. வீதிக்கு மேலே கூரை. இருபுறமும் கல் தூண்களும் திண்ணைகளும். நடுவால் வண்டி போகும். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறக் கட்டியது. பேய்க்கதைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், கதைகள் பிறந்த இடமே இத்தகைய மடங்கள்தான். மாட்டுவண்டியில் புகையிலையும் உப்பும் கொண்டு போனவர்கள் இரவில் படுத்த இடம். வெவ்வேறு ஊர் ஆட்கள், ஒரே இருட்டு, ஒரு குப்பி விளக்கு. எந்த ஊர் முனியும் ஓரிரவில் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பகலில் அந்தத் திண்ணையில் கால் மணி நேரம் இருந்து பாருங்கள். கல்லின் குளிர்ச்சி முதுகில் ஏறும். உச்சி வெயிலிலும் உள்ளே காற்று வரும்.

அடுத்துச் சுமைதாங்கிக் கற்களைத் தேடுங்கள். இரண்டு கற்கள் நிமிர்ந்து நிற்க, ஒரு கல் அவற்றின் மேல் கிடையாகப் படுத்திருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, மீண்டும் தூக்கிக்கொள்ளத் தோதான உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகவே இவற்றை நாட்டினார்கள். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்க ஒரு கல். வீதி அகலிப்பில் பல போய்விட்டன. எஞ்சியவை கோவில் வாசல்களிலும் பழைய மடங்களுக்கு அருகிலும், பாதி மண்ணுள் புதைந்தபடி இருக்கின்றன.

நெல்லியடிப் பக்கம் ஒரு கல்லை எனக்கு ஒரு பெரியவர் காட்டினார். மேற்கல்லின் நடுப்பகுதி வழுவழுப்பாகத் தேய்ந்து, ஓரங்கள் மட்டும் சொரசொரப்பாக இருந்தன. கையை வைத்தால் உள்ளங்கை தானாக அந்தக் குழிவில் அமர்ந்தது. அந்த இடத்தில் இரவில் பெண் அழும் சத்தம் கேட்கும் என்று ஊரில் கதை இருந்தது. பெரியவர் அதைச் சொல்லும்போது கல்லைத் தடவிக்கொண்டே சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை, அழுகை மட்டும் நினைவில் இருக்கிறது. இத்தனை கட்டடம் பார்த்த எனக்கு, அந்தக் கல்லடியில் நின்ற மாலைபோல வேறொன்றும் நெஞ்சில் நிற்கவில்லை.

பிற்பகலில் மணற்காடு. சவுக்கங் காட்டைத் தாண்டினால் மணல் மேடுகள். அவற்றுக்கு நடுவே பழைய புனித அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு, சுவர்களும் வளைவுகளும் மணலில் அமிழ்ந்தபடி. அருகே கல்லறைகள், சிலுவைகள். மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் போன முறை கண்ட சிலுவை இந்த முறை தெரியாது. வேறொன்று வெளியே வந்திருக்கும். பேய்க் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இது இன்றும் ஊராருடைய மயானம். 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்தது. கல்லறைகளில் ஏறாதீர்கள், சிலுவைகளில் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். சூரியன் சாயும் முன் திரும்பிவிடுங்கள், கடைசி பஸ்ஸின் நேரத்தைப் போகும்போதே நடத்துனரிடம் கேட்டு வையுங்கள்.

மூன்றாம் நாள் உங்கள் விருப்பம்

சுன்னாகத்துக்கு அருகே கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே சிறுசிறு கல் தூபிகள் கூட்டமாக இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் பால் பீரிஸ் 1917 அளவில் அகழ்ந்த இடம். நஞ்சுக் காளான் உண்டு இறந்த அறுபது பிக்குகளின் சமாதிகள் என்று வாய்வழிக் கதை ஒன்று உண்டு. மதியத்தில் போனால் ஆளரவமே இருக்காது. சங்கானையில் போர்த்துக்கேயர் காலத் தேவாலயத்தின் முருகைக்கல் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. நகரை விட்டுப் போக நேரமில்லாதவர்கள் பழைய பூங்காப் பக்கம் பழைய கச்சேரிக் (அரசாங்க நிர்வாக அலுவலகக்) கட்டடத்தின் இடிபாட்டைப் பார்க்கலாம். 1829 முதல் 1867 வரை வடக்கை ஓர் அரசனைப்போல் ஆண்ட அரசாங்க அதிபர் டைக் உருவாக்கிய பூங்கா அது.

நெடுந்தீவுக்குப் போவதானால் முழு நாளையும் ஒதுக்குங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்க மரம் (பாவோபாப்), கட்டற்றுத் திரியும் குதிரைகள். காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், திரும்பும் படகைத் தவறவிடாதீர்கள்.

எப்படிக் கேட்பது

‘இங்கே பேய் இருக்கிறதா?’ என்று கேட்டால் சிரிப்பார்கள் அல்லது உங்களைச் சிரிக்க வைக்கும் பதிலைச் சொல்வார்கள். நான் கேட்பது வேறு: ‘ஐயா, இந்தக் காணிக்கு என்ன பெயர்?’ யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் பெயர் உண்டு. ஒல்லாந்தர் காலத் தோம்பிலிருந்து (காணிப் பதிவேட்டிலிருந்து) இன்றைய உறுதிவரை அந்தப் பெயர்கள் வருகின்றன. பெயரில் ஆலடி, முனி, சுடலை, வைரவர் என்று ஏதாவது வந்தால் ‘ஏன் அந்தப் பெயர்?’ என்று அடுத்ததைக் கேட்கலாம். காணியைப் பற்றிப் பேசத் தயங்குகிற யாழ்ப்பாணத்தாரை நான் கண்டதில்லை.

வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா என்று அழையுங்கள். படலையில் நின்று குரல் கொடுங்கள், உள்ளே வாருங்கள் என்று சொல்லும்வரை வெளியிலேயே நில்லுங்கள். தேநீர் தந்தால் மறுக்க வேண்டாம். ஒலிப்பதிவு செய்வதானால் தொடக்கத்திலேயே கேட்டு அனுமதி வாங்குங்கள். போரில் இறந்தவர்களைப் பற்றி அவர்களாகப் பேசினால், பதிவை நிறுத்திவிட்டு வெறும் காதோடு கேளுங்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும்

கிணற்றுக்கு. பேயைவிடப் பத்து மடங்கு கிணற்றுக்குப் பயப்படுங்கள். பாழ்வளவுகளில் கட்டு இடிந்த கிணறுகள் பற்றைக்குள் மறைந்திருக்கும். ஒருமுறை நீர்வேலிப் பக்கம், சொந்தக்காரரோடு அவருடைய வளவுக்குள் போனபோது, நான் வைத்த அடுத்த அடிக்கு நிலம் இல்லை. அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கீழே எட்டிப் பார்த்தபோது தண்ணீரில் வானம் ஒரு தட்டளவு தெரிந்தது. அன்றிலிருந்து கையில் நீண்ட தடி இல்லாமல் நான் பற்றையில் கால் வைப்பதில்லை. நிலத்தைத் தட்டித் தட்டி நடங்கள். பாம்புக்கும் அந்தத் தடி உதவும்.

பாம்பு என்றால் நாகமும் புடையனும் (கண்ணாடி விரியன்). புடையன் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கைவிளக்கு மூன்றும் கட்டாயம். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள், இலவசச் சேவை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நேராகப் போய்விடுங்கள்.

மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை கண்டால் ஓர் அடிகூட அப்பால் போக வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. வழமையாக ஆட்கள் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். தரையில் துருப்பிடித்த இரும்பு எதையும் எடுத்துப் பார்க்காதீர்கள். படையினர் இருக்கும் இடங்களின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தேவை. கோட்டை, மந்திரிமனை போன்றவை பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னங்கள். அவற்றில் பெயர் கீறுவதும் ஒரு கல்லைப் பைக்குள் போடுவதும் சட்டப்படி குற்றம்.

பிறகு சத்தங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பனங்கூடல் அருகே நின்றால் காவோலைகள் ஒன்றோடொன்று உரசுவது, யாரோ செருப்பில்லாமல் ஓடி வந்து நிற்பதுபோல் இருக்கும். கூகையின் அலறல் பெண்ணின் அலறலேதான், எத்தனை முறை கேட்டாலும் என் கால் ஒரு கணம் நின்றுவிடும். ஓட்டுக்கு மேல் ஆள் நடப்பது மரநாய். கடனீரேரியில் அசையும் விளக்கு இறால் பிடிக்கிறவருடையது. இவற்றையெல்லாம் கழித்துவிட்ட பிறகும் விளங்காத சத்தம் ஒன்று கேட்டால், அதைக் குறித்து வையுங்கள்: நேரம், காற்றின் திசை, எந்த மரத்தடி என்று. ஊரில் சொல்லிப் பாருங்கள், நிச்சயம் அதற்கு ஒரு பெயர் இருக்கும்.

பயந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே சிறுபிள்ளை வெருண்டால் விபூதி போட்டு, பார்வை பார்த்து, நூல் கட்டுவார்கள். உங்களுக்கும் யாராவது நெற்றியில் விபூதி பூச வந்தால் குனிந்து காட்டுங்கள். எந்தச் சமயத்தவர் என்றாலும் அந்த விரலின் குளிர் நெஞ்சை ஆற்றும். மயானம் போய் வந்தால் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கால் கழுவ வாளியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். கேள்வி கேட்காமல் கழுவிவிட்டு ஏறுங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

எழுதுங்கள். எழுதியதைக் கதை சொன்னவருக்கு ஒரு படி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்று சொன்னவரின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். நெல்லியடிப் பெரியவருக்கு நான் எழுதியதை அச்சிட்டு, அடுத்த முறை போனபோது கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்து முழுவதையும் வாசித்தார். முடித்ததும் பேனா கேட்டார். சுமைதாங்கிக்குப் பக்கத்தில் நின்ற மரம் புளி என்று நான் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை வெட்டி, மேலே ‘நாவல்’ என்று எழுதித் தாளைத் திருப்பித் தந்தார்.